டீசல் தின்னப் பழகும் மண்

1979 ஆகஸ்ட் 20. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற சிறு நகரத்துக்கு வடமேற்கே, காட்டுப் பகுதியில் புதைத்திருந்த கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. 34 அங்குல விட்டமுள்ள குழாய் அது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் பீறிட்டு மணல் நிலத்தில் கொட்டியது. பள்ளம் வெட்டி இறைத்தார்கள்; மேல்மண்ணை அள்ளினார்கள்; அள்ள முடியாததைக் கொளுத்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. கசிந்து இறங்கிய எண்ணெய், பல மீட்டர் ஆழத்தில் இருந்த நிலத்தடி நீரின்மேல் கறுப்பாகத் தேங்கி நின்றது.

1983இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அந்த இடத்தைத் திறந்தவெளி ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொண்டது. விடை தேடிய கேள்வி ஒன்றுதான்: யாரும் கைவைக்காமல் விட்டால் இந்த எண்ணெய் என்ன ஆகும்? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே கண்காணிப்புக் கிணறுகள் இறக்கி, நீரையும் மண்ணையும் மண் இடுக்குகளில் உள்ள காற்றையும் எடுத்துச் சோதித்துவருகிறார்கள்.

எண்ணெயிலிருந்து கரைந்து வரும் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் நிலத்தடி நீரோட்டத்தோடு சேர்ந்து வெகுதூரம் பரவும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பரவல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ நின்றுபோனது. எண்ணெயிலிருந்து நஞ்சு கரையும் வேகமும், அதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும் வேகமும் சமமாகிவிட்டன. யாரும் மருந்து தெளிக்கவில்லை, பாக்டீரியா கொண்டுவந்து கொட்டவும் இல்லை. அங்கேயே இருந்த உயிர்கள் எண்ணெயைத் தின்னப் பழகிக்கொண்டன.

எப்படிப் பழகின என்பதுதான் மண் நுண்ணுயிரியலின் சுவையான அத்தியாயங்களில் ஒன்று.

முன்பே குடியிருந்தவை

எண்ணெய் வாடையே படாத காட்டு மண்ணிலும் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காரணம், பெட்ரோலியத்தில் உள்ள வேதிப்பொருள்களின் உறவினர்கள் இயற்கையில் எங்கும் உண்டு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதே, அதற்குக் காரணமான மெழுகு நீண்ட கார்பன் சங்கிலிகளால் ஆனது. உதிரும் ஒவ்வோர் இலையோடும் அத்தகைய மெழுகு மண்ணில் சேருகிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினில் பென்சீன் வளையங்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றைச் செரிக்கத் தெரிந்த கூட்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணில் வாழ்ந்துவருகிறது. எண்ணிக்கையில்தான் அது சிறுபான்மை. சுத்தமான மண்ணில் மொத்த பாக்டீரியாக்களில் பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எரிபொருள் கொட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. பெட்ரோலில் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உயிரணுக்களின் கொழுப்பு உறையைக் குலைத்துவிடுவதால் ஏராளமான நுண்ணுயிர்கள் மடிகின்றன. கார்பன் மலையாகக் குவிந்திருக்க, அதைத் தின்னத் தெரிந்தவை மட்டும் பெருகுகின்றன. முதல் சில நாட்களோ வாரங்களோ வெளியே ஒன்றும் தெரியாது. எண்ணெயின் அளவும் பெரிதாகக் குறையாது. அந்த அமைதியான காலத்தில்தான் கூட்டத்தின் ஆள்சேர்க்கை நடக்கிறது.

இதை நேரில் கணக்கெடுத்த இடம், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் உள்ள அலெர்ட் ராணுவ நிலையம். வட துருவத்திலிருந்து சுமார் 800 கிலோமீட்டர். அங்கே டீசல் கொட்டிய மண்ணைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி வெளியே கொண்டுபோவது கட்டுப்படியாகாத காரியம். ஆகவே மண்ணைத் தோண்டி அங்கேயே குவியல்களாக்கி, நுண்ணுயிர்களுக்குத் தோதான நிலைமையை ஏற்படுத்தி விட்டார்கள். 2012இல் வெளியான ஆய்வு, அந்தக் குவியல்களின் மரபணுத் தொகுப்பை மூன்று கட்டங்களில் படித்துக் காட்டியது. தோண்டிய உடனேயும் ஒரு மாதத்துக்குப் பிறகும் சூடோமோனாஸ் இன பாக்டீரியாக்களே ஆதிக்கம் செலுத்தின. டீசல் மிக வேகமாகச் சிதைந்ததும் அந்தக் கட்டத்தில்தான். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது டீசல் பெரும்பாலும் தீர்ந்திருந்தது, சூடோமோனாஸும் குறைந்திருந்தது. எண்ணெய் சிதைக்கும் மரபணுக்கள் இப்போது ரோடோகாக்கஸ் உள்ளிட்ட ஆக்டினோபாக்டீரியா போன்ற வேறு குழுக்களிடம் இருந்தன. கோடையிலும் சில டிகிரி வெப்பம் மட்டுமே காணும் மண்ணில் இத்தனை பெரிய ஆள்மாற்றம்!

இந்த வரிசைக்கு ஒரு காரணம் தீனியின் வரிசை. டீசலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. கிளையில்லாத நேர்ச் சங்கிலிகள் முதலில் தீர்கின்றன. கிளைச் சங்கிலிகள் அடுத்து. இரண்டு, மூன்று, நான்கு வளையங்கள் ஒட்டிய பொருள்கள் மெல்லத்தான் கரைகின்றன. தார் போன்ற கனமான பகுதி ஏறக்குறைய அப்படியே கிடக்கிறது. இதை வைத்தே வேதியியலாளர்கள் ஒரு கசிவில் நுண்ணுயிர் வேலை நடக்கிறதா என்று துப்புத் துலக்குகிறார்கள். பதினேழு கார்பன் கொண்ட நேர்ச் சங்கிலி வேகமாகக் குறைந்து, அதே கொதிநிலைக்கு அருகில் உள்ள பிரிஸ்டேன் என்ற கிளைச் சங்கிலி மிஞ்சியிருந்தால், எண்ணெய் வெறுமனே ஆவியாகிப் போகவில்லை, தின்னப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஓர் உயிரணுவுக்குள்

கூட்டம் மாறுவது ஒரு பக்கம். ஒவ்வோர் உயிரணுவும் தன்னை மாற்றிக்கொள்வது இன்னொரு பக்கம்.

டீசல் தண்ணீரில் கரையாது; பாக்டீரியாவோ மண் துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் வாழ்கிறது. இரண்டும் சந்தித்தாக வேண்டும். சூடோமோனாஸ் வகைகள் சில, ராம்னோலிப்பிட் என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சுரந்து எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைக்கின்றன. ரோடோகாக்கஸின் வழி வேறு. அதன் மேலுறையில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு உண்டு. அதனால் தண்ணீரை விட்டு எண்ணெய்த் துளியின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டியபின் செரிமானம். நேர்ச் சங்கிலி ஹைட்ரோகார்பன் எளிதில் வினைபுரியாத பொருள். அதன் நுனியில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகினால்தான் மேற்கொண்டு உடையும். அந்தச் செருகல் வேலையைச் செய்யும் நொதிக்கு அல்கேன் ஹைட்ராக்சிலேஸ் என்று பெயர். சாதாரண நேரத்தில் இதற்கான மரபணு மூடிக் கிடக்கும். எண்ணெய் வந்ததை உணர்ந்ததும் திறந்துகொள்கிறது. நொதி வேலை செய்ததும் ஹைட்ரோகார்பன் ஆல்கஹாலாகி, பின் கொழுப்பு அமிலமாகிறது. அதற்கு மேல் நடப்பது, நம் உடம்பு தேங்காயெண்ணெயைச் செரிக்கும் அதே பாதைதான். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும் புதிய உயிரணுக்களும்.

தின்னும்போதே நஞ்சும் ஏறுகிறது. டொலுயீன் உயிரணு உறைக்குள் புகுந்து அதை இளக்கிவிடும். தண்ணீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு டொலுயீன் சேர்ந்தாலே பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்துவிடும். 1989இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இனோவே, ஹோரிகோஷி இருவரும், பாதிக்குப் பாதி டொலுயீன் ஊற்றிய திரவத்திலும் வளரும் ஒரு சூடோமோனாஸை மண்ணிலிருந்து கண்டெடுத்து ‘நேச்சர்’ இதழில் அறிவித்தபோது, அது உயிரியலாளர்களை அசரவைத்தது. அத்தகைய பாக்டீரியாக்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது பின்னால் தெளிவானது. முதலில், உறையில் வளைந்து கிடக்கும் கொழுப்பு அமிலங்களைச் சில நிமிடங்களில் நேராக்கி உறையை இறுக்கிக்கொள்கின்றன. அடுத்து, உறையில் பதித்துள்ள புரதப் பம்புகளைக் கொண்டு, ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைப்பதுபோல் டொலுயீனை விடாமல் வெளியே தள்ளுகின்றன. இதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். நஞ்சு போன பிறகு பம்புகளைக் குறைத்துக்கொள்வதும் அதனால்தான்.

கடன் வாங்கிய மரபணு

எல்லா பாக்டீரியாவிடமும் இந்தக் கருவிகள் இருப்பதில்லை. இல்லாதவை பக்கத்தில் இருப்பவற்றிடம் வாங்கிக்கொள்கின்றன.

பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுப்புக்கு வெளியே, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் தனியாக இருப்பதுண்டு. இரண்டு பாக்டீரியாக்கள் தொட்டுக்கொள்ளும்போது ஒன்றின் பிளாஸ்மிட்டின் நகல் மற்றதற்குப் போய்விடுவதுண்டு. சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவிடம் டொலுயீனையும் சைலீனையும் சிதைக்கும் மரபணுக்கள் மொத்தமும் ஒரே பிளாஸ்மிட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை 1970களில் கண்டுபிடித்தார்கள். டோல் பிளாஸ்மிட் என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து மரபணு மாற்றம் நிகழவேண்டிய அவசியம் இல்லை. ஒரே தொடுதலில் முழுச் செரிமான வித்தையும் கைமாறிவிடுகிறது. கசிவு நடந்த மண்ணில் எண்ணெய் தின்னிகள் அவ்வளவு விரைவாகப் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வித்தையைக் கையில் எடுத்த மனிதர் ஓர் இந்தியர். மேற்கு வங்கத்தின் சாய்ந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, வெவ்வேறு ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் பல பிளாஸ்மிட்களை ஒரே சூடோமோனாஸுக்குள் சேர்த்துவைத்தார். 1972இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமையா என்று காப்புரிமை அலுவலகம் மறுக்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சக்கரவர்த்திக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உலக உயிரித்தொழில்நுட்பத் துறைக்கே அது திருப்புமுனை. ஆனால் அந்த பாக்டீரியா கடைசிவரை எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவில்லை. மாற்றியமைத்த உயிரைத் திறந்தவெளியில் விடத் தயக்கம் இருந்தது. ஆய்வகத்தில் வளர்ந்த பாக்டீரியா, மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிய லட்சக்கணக்கான போட்டியாளர்களோடு மல்லுக்கட்டி நிலைப்பதும் எளிதல்ல.

காற்று தீர்ந்த பிறகு

எண்ணெய் தின்ன ஆக்சிஜன் வேண்டும், அதுவும் ஏராளமாக. ஒரு கிலோ ஹைட்ரோகார்பனை முழுதாகச் சிதைக்கச் சுமார் மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ எட்டு மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டால், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலைத் தீர்க்க மூன்று லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரின் ஆக்சிஜன் செலவாகும். எனவே கசிவுக்கு அடியில் நிலத்தடி நீரின் ஆக்சிஜன் விரைவில் வறண்டுவிடும்.

அப்போது மூச்சுவிடும் முறையே மாறுகிறது. நீரில் நைட்ரேட் இருந்தால் அதை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் முன்னே வருகின்றன. அது தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு. பின்பு சல்பேட். கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். பெமிட்ஜியில் இந்த வரிசை நிலத்திலேயே வரைந்து வைத்ததுபோல் தெரிந்தது. எண்ணெய்க்கு நெருக்கத்தில் மீத்தேன் மண்டலம், அதைத் தாண்டி இரும்பு மண்டலம், விளிம்பில்தான் ஆக்சிஜன்.

இரும்பைச் சுவாசிப்பது என்றால் என்ன? மணல் துகளின்மேல் படிந்துள்ள துருதான் அந்த இரும்பு. டெரெக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் 1987இல் வாஷிங்டனுக்கு அருகே பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்த ஜியோபாக்டர், எண்ணெயிலிருந்து உரித்த எலெக்ட்ரான்களைத் துருவின்மேல் கொண்டுபோய்க் கொட்டுகிறது. துரு கரைந்து நீரில் கலக்கிறது. பாக்டீரியாவுக்கு ஆற்றல் கிடைக்கிறது. டொலுயீனை இப்படிச் சிதைக்க முடியும் என்பது 1989இல் உறுதியானது. ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரோகார்பன் சிதையாது என்றுதான் நெடுங்காலம் நம்பிவந்தார்கள்.

ஆக்சிஜனைச் செருக முடியாத இடத்தில் முதல் அடியை எப்படி எடுத்துவைக்கின்றன? உயிரணுவுக்குள் வழக்கமாகவே இருக்கும் ஃபியூமரேட் என்ற சிறு மூலக்கூறை எடுத்து டொலுயீனோடு ஒட்டிவிடுகிறது ஒரு நொதி. ஒட்டிப் பிறந்த புதிய சேர்மத்தை அதன்பின் படிப்படியாக உடைக்க முடிகிறது. மண்ணில் இந்த நொதியின் மரபணுவைத் தேடிப் பார்ப்பதே இன்று, அடியாழத்தில் காற்றில்லாச் சிதைவு நடக்கும் வாய்ப்பு உண்டா என்று அறியும் சோதனையாகிவிட்டது.

மீத்தேன் கட்டத்தில் தனியாக எவராலும் பிழைக்க முடியாது. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியபடி, ஒரு வகை பாக்டீரியா நீண்ட சங்கிலியை உடைத்து அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் வெளியிடுகிறது. பக்கத்திலிருக்கும் ஆர்க்கியா அவற்றை மீத்தேனாக்குகிறது. ஹைட்ரஜன் தேங்கினால் முதலாவதன் வேலை நின்றுவிடும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நம்பித்தான் வாழ்கின்றன. பெமிட்ஜியில் எண்ணெய்க்கு அருகே துரு தீரத் தீர, இரும்பு பாக்டீரியாக்களின் இடத்தை மீத்தேன் கூட்டணிகள் பிடித்துக்கொண்டன. அங்கே கிளம்பும் மீத்தேன் மேலே வரும் வழியில், ஆக்சிஜன் கிடைக்கும் மண்ணடுக்கில், மீத்தேன் தின்னும் வேறு பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. தரைக்கு வந்து சேரும் கரியமில வாயுவை அளந்து, அடியில் ஆண்டுக்கு எவ்வளவு எண்ணெய் கரைகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

மனிதர் செய்யவேண்டிய வேலை

ஆக, சுத்திகரிப்புப் பொறியாளர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த பாக்டீரியாவை வாங்கிவருவது என்பதல்ல. இங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு என்ன குறை என்பதே. பெரும்பாலும் குறை இரண்டு: காற்று, உரச்சத்து. டீசலில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கிட்டத்தட்ட இல்லை. நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு.

தென் கரோலினாவின் ஹனஹனில் இதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 1975இல் அங்கே ராணுவ எரிபொருள் கிடங்கிலிருந்து சுமார் 80,000 கேலன், அதாவது மூன்று லட்சம் லிட்டர் ஜெட் எரிபொருள் கசிந்தது. உடனே இறைத்தும் பயனில்லை. மணலில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டது. 1985க்குள் மாசு குடியிருப்புப் பகுதியை எட்டியது. மண்ணை முழுக்கத் தோண்டி எடுக்க வழியில்லை. நீரை இறைத்துக்கொண்டே இருந்தாலும் மண்ணில் ஊறிய எரிபொருள் மறுபடி நஞ்சைக் கசியவிடும். சோதித்ததில், உள்ளூர் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே எரிபொருளைத் தின்றுகொண்டிருப்பதும், சத்துக் குறைவால் வேகம் போதாமல் இருப்பதும் தெரிந்தது. 1992இல் ஊறல் படுகைகள் அமைத்து உரச்சத்து கலந்த நீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். 1993 முடிவதற்குள் குடியிருப்புப் பகுதியில் மாசு 75 சதவீதம் குறைந்தது. படுகைகளுக்கு அருகே, நூறு கோடியில் 5,000 பங்குக்கும் மேல் டொலுயீன் இருந்த நீரில், பிறகு கருவிக்கு எட்டும் அளவில்கூட அது இல்லை.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி நான்கு கோடி லிட்டர் அளவுக்குக் கச்சா எண்ணெய் கொட்டியபோதும் கரைகளில் தெளித்தது உரத்தைத்தான். உரமிட்ட கரையில் எண்ணெய் சிதையும் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. ஆனால் கற்களுக்கு அடியில் காற்றுப் புகாத இடங்களில் புதைந்துபோன எண்ணெய், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோதும் அப்படியே கிடைத்தது. உரம் மட்டும் போதாது.

உரத்தை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. உப்பு மிகுந்து நுண்ணுயிர்களே வாடிப்போகும். மிச்ச நைட்ரேட் கிணற்றுக்கு இறங்கும்.

வெளியிலிருந்து பாக்டீரியா கொண்டுவருவது எப்போதும் வீண் என்றும் சொல்ல முடியாது. மண்ணே இல்லாத எண்ணெய்க் கசடுக் குழிகளில், உள்ளூர்க் கூட்டம் மிக மெலிந்திருக்கும் இடங்களில், அது உதவும். டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ ஐந்து பாக்டீரியா வகைகளின் கூட்டு. அவற்றை மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றி, எண்ணெய் வயல்களின் கசடில் கலக்கிறார்கள். அந்த பாக்டீரியாக்களும் இந்திய எண்ணெய் வயல், சுத்திகரிப்பு ஆலை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தவைதான். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி, கடற்கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர். அள்ளிய சேற்றை நுண்ணுயிர் முறையில் சிதைக்கும் வேலை பிறகு காமராஜர் துறைமுக வளாகத்தில் நடந்தது பலருக்குத் தெரியாது.

சில நேரம் செடிகளும் துணைக்கு வருகின்றன. 1991 வளைகுடாப் போருக்குப் பின் குவைத் பாலைவனத்தில் எண்ணெய் ஊறிய மணலில் முளைத்த காட்டுச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்த ஆய்வாளர்கள், சுற்றிலும் மணல் கறுத்திருக்க வேர் மட்டும் வெள்ளையாகச் சுத்தமாக இருப்பதைக் கண்டார்கள். வேரைச் சுற்றி எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் மொய்த்திருந்தன.

எத்தனால் என்ற புதுச் சிக்கல்

நுண்ணுயிர்கள் எதையும் தின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவில் ஓர் அடி விழுந்தது. 1979 முதல் அங்கே பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற ஈதரைச் சேர்த்தார்கள். அது நீரில் எளிதாகக் கரைந்து வெகுதூரம் ஓடியது. அதைச் சிதைக்கும் உயிர் மண்ணில் அரிது. 1996இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் அதனால் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை மூடவேண்டி வந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் கழிவுநீர் நிலையம் ஒன்றின் வடிகட்டியிலிருந்து, எம்.டி.பி.இ.யை மட்டும் கொடுத்தாலும் தின்று வளரும் ‘பி.எம்.1’ என்ற பாக்டீரியா கிடைத்தது. அதன் திறமை ஒரு பெரிய பிளாஸ்மிட்டில் இருந்தது. ஏறத்தாழ அதே பிளாஸ்மிட் கலிபோர்னியாவின் வேறு கசிவு இடங்களில் கிடைத்த பாக்டீரியாக்களிலும் காணப்பட்டது. மண் கடைசியில் பழகியது, ஆனால் அதற்குள் கிணறுகள் போய்விட்டன.

இந்தியர்களுக்கு நெருக்கமான சிக்கல் எத்தனால். இங்கே இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் மண் பாக்டீரியாக்களுக்கு மிக எளிய உணவு. கசிவு நேர்ந்தால் அவை முதலில் அதன்மேல்தான் பாயும். இருக்கிற ஆக்சிஜனை அதிலேயே தீர்த்துவிடும். பென்சீனைக் கவனிக்க ஆளும் இல்லை, காற்றும் இல்லை என்றாகி, பென்சீன் நிலத்தடி நீரில் கூடுதல் தூரம் போகும் என்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பெட்ரோல் பங்குகளின் நிலத்தடித் தொட்டிகளைக் கண்காணிப்பதில் இது கணக்கில் வரவேண்டிய விஷயம்.

பெமிட்ஜியிலும் ஒரு கசப்பான செய்தி உண்டு. துருவை பாக்டீரியாக்கள் கரைத்தபோது, அதில் இயற்கையாகவே ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து விடுபட்டது. அங்குள்ள நிலத்தடி நீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 230 மைக்ரோகிராம்வரை இருந்தது. குடிநீருக்கான வரம்பைப்போல் 23 மடங்கு. பென்சீன் குறைகிறது என்று மட்டும் பார்த்து நிம்மதி அடைந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். கசிவு நடந்த இடத்தை இயற்கையிடம் ஒப்படைத்தாலும் அளப்பதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

நம் ஊர்க் கிணறுகள்

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எரிபொருள் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் நிலத்தடி எரிபொருள் குழாயின் கசிவு அது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறுதான் குடிநீர். அடியிலோ பிளவும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே கொட்டியது, மண்ணில் தங்கி நுண்ணுயிர்களிடம் சிக்குவதற்கு முன்பே நீருக்குள் இறங்கிவிடும் நிலம் அது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இப்படி நேரும் இடங்களில் ‘இயற்கையே சரிசெய்துகொள்ளும்’ என்ற பேச்சு எளிதாகக் கிளம்பும். சரிசெய்துகொள்ளும் என்பது பாதி உண்மைதான். அதற்கு ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். கசிவை அடைத்து, மிதக்கும் எண்ணெயை முடிந்தவரை இறைத்த பிறகு மிஞ்சுவதுதான் நுண்ணுயிர்களின் பங்கு. கசிந்துகொண்டே இருக்கும் குழாய்க்கு முன் எந்த பாக்டீரியாவும் தாக்குப்பிடிக்காது. பொறுப்பு கசியவிட்டவருடையது, நீரையும் மண்ணையும் ஆண்டுதோறும் அளந்து மக்களுக்குச் சொல்லவேண்டியது அரசு.

கிணற்றிலோ போர்வெல்லிலோ பெட்ரோல், டீசல் வாடை வந்தால் அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. ஆவி சமையலறையில் பரவும், தீப்பிடிக்கவும் கூடும். கிணற்றருகே விளக்கு, பீடி, மோட்டார் சுவிட்ச் எதையும் தொடாமல் உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள். பென்சீன், டொலுயீன் அளவுகளைக் குறிப்பிட்டு ஆய்வக அறிக்கை கேளுங்கள். வாடை போய்விட்டது என்பதற்காக மறுபடி அந்த நீரைப் புழங்கத் தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த பென்சீன் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீரிலுள்ள பென்சீனை மூக்கு உணர, அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பென்சீன் இருக்கவேண்டும்.